தப்புச் செய்த பிள்ளைகளின் பெரியம்மா

காலை ஐந்து இருபது. மரக்காணம் உப்பளத்து வரப்பில் நான் முதலில் பார்த்தது முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி. அதற்கு மேலே சேலை, சேலையின் மீது ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. சட்டைக்கு மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு புத்தகம். புத்தகத்தின் மீது செல்போன் டார்ச் வெளிச்சம்.

அந்த வருடத்தின் முதல் உப்பு வாருவதைப் பற்றி எழுதப் போயிருந்தேன். அப்போது நான் ஒரு நாளிதழின் வட்டார நிருபர்.

"இங்க மேஸ்திரி யாருங்க?" என்று கேட்டேன்.

"நான்தான். கொஞ்சம் இரு தம்பி. இவ செவுரு ஏறிட்டா. மாட்டுறாளா இல்லையான்னு பாத்துட்டு வந்துடறேன்."

நான் சுவரைத் தேடினேன். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாத்திகளும் வரப்புகளும் ஓலை மூடிய உப்புக் குவியல்களும்தான் இருந்தன. இரண்டு பக்கம் புரட்டிய பிறகு அவர் புத்தகத்தை மடக்கினார்.

"மாட்டல" என்றார் சந்தோஷமாக. "வாட்ச்மேன் தூங்கிட்டான். இப்பச் சொல்லு, என்ன வேணும்?"

"யாரும்மா அது?"

"ஸ்கூல்ல கொஸ்டின் பேப்பர் எடுக்கப் போன பொண்ணு."

"எடுக்கறது தப்பில்லையா?"

"தப்புதான். அதுக்காக மாட்டிக்கணுமா?"

அவருக்கு ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். உப்பு வாரும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அவர் தலைவி. எந்தப் பாத்தியில் அன்றைக்கு வார வேண்டும், யார் பலகை பிடிப்பது, யார் தலையில் சுமந்து கரையில் கொட்டுவது என்பதையெல்லாம் அவர்தான் சொல்வார். எல்லோருக்கும் அவர் மேஸ்திரிக்கா. முதலாளிகூட அப்படித்தான் கூப்பிட்டார்.

அவர் படித்ததெல்லாம் பதின்வயதுப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட நாவல்கள். புதுச்சேரியில் கல்லூரி படித்த மகள் விடுமுறைக்கு வந்தபோது பையில் நான்கைந்து கொண்டுவந்தாள்; திரும்பிப் போகும்போது மறந்துவிட்டுப் போனாள். இவர் ஒன்றை எடுத்துப் படித்தார். பிறகு விடவில்லை. மகள் அந்த வயதைத் தாண்டி வேலைக்குப் போய்விட்டாள். இவர் தாண்டவில்லை.

பெரியவர்களுக்கான நாவலை ஏன் படிப்பதில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

"அதுல வர்றவங்க எல்லாம் முடிஞ்சு போன ஆளுங்கப்பா. நல்லவன்னா நல்லவன், கெட்டவன்னா கெட்டவன். பதினாறு வயசுலதான் ஒருத்தன் என்ன ஆளுன்னு அவனுக்கே தெரியாது. காலையில அம்மாவ ஏமாத்துவான், சாயங்காலம் யாருக்கோ போய் ரத்தம் குடுப்பான். அதுல இருக்கற சுவாரஸ்யம் எதுல இருக்குது?"

அப்படிப்பட்ட பிள்ளைகள் வரும் நாவல்களாகத்தான் தேடிப் பிடிப்பார். புத்தகக் கடையில் பின்னட்டையைப் படித்துவிட்டு, "இதுல பொண்ணு ஏதாவது தப்புப் பண்ணுதா?" என்று கேட்பார். இல்லை என்றால் வைத்துவிடுவார். ஒழுங்கான பிள்ளைகள் மீது அவருக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு இவர் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

படிக்கும்போது வாய் சும்மா இருக்காது. ஒருநாள் புதுச்சேரி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்து படித்துக்கொண்டு வந்தார். ஒரு நிறுத்தத்தில் பஸ் நின்றபோது, "இறங்காதடி பாவி, அவன் அங்கதான் நிக்கறான்!" என்று சத்தமாகச் சொன்னார். படியில் கால் வைத்திருந்த ஒரு பெண் பயந்து திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள். பஸ் கிளம்பிவிட்டது. அந்தப் பெண் அடுத்த ஊரில் இறங்கித் திரும்பி வந்திருப்பாள் என்று நினைக்கிறேன். மேஸ்திரி தலையை நிமிர்த்தவே இல்லை.

எட்டரை மணிக்கு, வெயில் ஏறும் நேரத்தில், வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் மோட்டார் கொட்டகை நிழலில் கஞ்சி குடிப்பார்கள். அதன் பிறகு டீ. டீயோடு கதை. தான் முழுதாகப் படித்து முடித்த புத்தகத்தைத்தான் சொல்வார். முதல் நாள் அட்டையைக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டுவார். அப்புறம் அந்தப் புத்தகம் வீட்டிலேயே இருக்கும். அடுத்ததை விடியலில் படித்துக்கொண்டே முந்தினதைக் கஞ்சி நேரத்தில் சொல்வார்.

புத்தகம் எந்த நாட்டில் நடந்தாலும் சொல்லும்போது நம்ம பக்கத்துக்கு வந்துவிடும். பனி கொட்டும் ஊர்க் கதைகளில் தெருவோரப் பனிக் குவியலெல்லாம் உப்புக் குவியலாகும். வாயில் நுழையாத பெயர் கொண்ட பையன் கோட்டக்குப்பத்துப் பையன் ஆவான். அவன் அப்பா துபாயில் இருப்பார். "பேரைச் சொன்னா இவளுங்க பேரைப் புடிச்சிட்டுத் தொங்குவாளுங்க. ஆளை உட்டுடுவாளுங்க" என்பார். கதையோடு ஊர்ச் செய்தியும் நடுநடுவே வரும். யார் வீட்டில் என்ன சண்டை, யார் மகன் எந்த வேலையை விட்டான் என்பதும் அதே குரலில், அதே டீயோடு.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். கதை முடிகிற வரைக்கும் யாரும் யாரையும் நல்லவள், கெட்டவள் என்று சொல்லக் கூடாது. சொன்னால் அன்றைக்கு எல்லோருடைய டம்ளரையும் அவள்தான் கழுவ வேண்டும்.

கூட்டத்தில் செல்வி என்று ஒருத்தி இருந்தாள். மேஸ்திரிக்கு நான்கைந்து வயது இளையவள். அவள் மகன் டூவீலர் ஷோரூமில் வேலை பார்த்தான். செல்விக்கு எதைக் கேட்டாலும் வாயில் முதலில் வருவது, "செருப்பால அடிக்கணும்." அதனால் முதல் பருவம் முழுக்க டம்ளர் கழுவியது அவள்தான். மற்றவர்கள் அவளைக் கிண்டி விடுவார்கள்.

"ஏன் செல்வி, அவன் ஃப்ரெண்டோட போனை எடுத்துட்டானே, அவன என்ன பண்றது?"

செல்வி உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"சொல்லேன் செல்வி."

"செருப்..." என்று ஆரம்பித்துவிட்டு, "சீ, போங்கடி!" என்று எழுந்து டம்ளர்களைப் பொறுக்கத் தொடங்குவாள்.

இந்தச் சட்டத்தை மேஸ்திரி கதைக்கு மட்டும் வைத்திருக்கவில்லை. ஒரு வைகாசியில் உப்புக் குவியல் மீது போர்த்தியிருந்த தார்ப்பாயை ஒருத்தன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரியும். போலீசுக்குப் போகலாம் என்றார் முதலாளி. மேஸ்திரி தடுத்தார். "அவன் வீட்டுக் கூரை ஒழுகுதுங்க. புள்ளைங்க படுக்க எடம் இல்ல" என்று அரைமணி நேரம் பேசி முதலாளியின் மனதை மாற்றினார். மறுவாரம் இரண்டாவது தார்ப்பாயும் போனது.

"இப்ப என்ன சொல்ற மேஸ்திரிக்கா?" என்று முதலாளி கேட்டார்.

"கூரைன்னா ரெண்டு பக்கம் இருக்கும்ல?" என்றார்.

இரண்டாவது பருவத்தில், சித்திரையில், ஒரு புதுக் கதை ஆரம்பித்தது. குளிர் நாட்டு நாவல் ஒன்றின் தமிழாக்கம். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பதினேழு வயதுப் பெண். தங்கைக்கு மூச்சிரைப்பு. மருந்து வாங்க வழியில்லாமல் கடையிலிருந்து எடுக்கிறாள். பிறகு தேவைக்கு மேல் எடுக்கிறாள், வெளியே விற்கிறாள். பழி, உடன் வேலை பார்த்த பையன் மீது விழுகிறது. அவனை வேலையை விட்டு அனுப்புகிறார்கள். இவள் வாயைத் திறப்பதில்லை.

மேஸ்திரி இப்படி ஆரம்பித்தார்: "நம்ம வானூர்ல ஒரு மெடிக்கல் ஷாப்பு. அங்க ஒரு பொண்ணு."

அட்டையைக் காட்டிய அந்த முதல் நாளிலும் அடுத்த சில நாட்களிலும் செல்வி வேலைக்கு வரவில்லை. உறவில் காதுகுத்துக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்தபோது கதை பாதியில் இருந்தது. "வானூர் பொண்ணு நேத்து ராத்திரி பூரா அழுதாளாம்" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி உச்சுக்கொட்ட, செல்வியும் உட்கார்ந்து கேட்டாள். ஊர்ச் செய்தி என்று நினைத்துக் கேட்டாள். பெரிய விஷயம், அவள் ஒரு நாள்கூடச் செருப்பை எடுக்கவில்லை. டம்ளர் கழுவிக் கழுவி அவளுக்குப் பொறுமை வந்திருந்தது. "தங்கச்சிக்காகத்தானே எடுத்துச்சு, பாவம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்று மற்றவர்கள் பிறகு சொன்னார்கள்.

கடைசி அத்தியாயத்துக்கு முந்தின நாள் கோடை மழை பிடித்துக்கொண்டது. பாத்தியெல்லாம் தண்ணீர். வேலை நின்றது. கதையும் நின்றது.

அந்த மழையில்தான் தரகர் செல்வி வீட்டுக்கு ஒரு ஜாதகம் கொண்டுவந்தார். பெண் வானூர். மெடிக்கல் ஷாப்பில் வேலை. ஒரு தங்கை.

செல்வி யாரிடமும் கேட்கவில்லை. தட்டு மாற்றுகிற வரை சம்பந்தப் பேச்சை வெளியே விடக் கூடாது என்பது இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருக்கும் வழக்கம். விட்டால் யாராவது கலைத்துவிடுவார்கள். அதனால் தனக்குள்ளேயே வைத்து யோசித்தாள். யோசித்து, தன் வாழ்க்கையிலேயே பெருந்தன்மையான ஒரு முடிவை எடுத்தாள்.

வானூரில் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் அமுதா. காபி வந்தது, மிக்சர் வந்தது. மிக்சர் சாப்பிட்ட தங்கை இரண்டு முறை இருமினாள். செல்விக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. எழுந்து போய் அமுதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு எல்லாம் தெரியும்மா. தங்கச்சிக்காகத்தானே எடுத்த. எங்க வீட்ல யாரும் அதைப் பத்திப் பேச மாட்டோம். நீ தைரியமா வா."

"என்ன எடுத்தா?" என்றார் அமுதாவின் அப்பா.

"மருந்துதாங்க. வேற ஒண்ணும் இல்ல" என்றாள் செல்வி, ஆறுதலாக.

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர்கள் நின்றிருந்தார்கள். மாலைக்குள் பேச்சு மெடிக்கல் ஷாப்புக்குப் போய்விட்டது. கடைக்காரர் கெட்டவர் அல்ல. "ஸ்டாக்கைச் சரிபாக்கற வரைக்கும் வீட்ல இரும்மா" என்றார். அமுதா வீட்டில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை மேஸ்திரி எனக்குப் போன் செய்தார். நடந்ததை செல்வி அவரிடம் சொல்லியிருந்தாள். குரலில் வழக்கமான துள்ளல் இல்லை.

"வானூர் வரைக்கும் வா. நீ பேப்பர்காரன். நீ பொய் சொன்னாகூட அச்சடிச்ச மாதிரி இருக்கும்."

போனோம். மேஸ்திரி, செல்வி, நான். மேஸ்திரி அன்றைக்கு பூட்ஸ் போடவில்லை. பட்டுச் சேலை கட்டியிருந்தார். மடியில் அந்த நாவல்.

அமுதாவின் அப்பா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடும் விவசாயி. கடைக்காரரையும் வரச் சொல்லியிருந்தார். அவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அமுதா உள்கதவில் சாய்ந்து நின்றாள்.

மேஸ்திரி புத்தகத்தைக் காட்டினார். அட்டை, உள்ளே மருந்துக்கடை வரும் பக்கங்கள், தங்கை வரும் பக்கங்கள். கடைக்காரர் சில வரிகளைப் படித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஐந்து நிமிடத்தில் விஷயம் தெளிவாகிவிட்டது. செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"சரி, கதை. ஒத்துக்கறேன்" என்றார் அப்பா. "ஆனா தெருவே பேசிடுச்சும்மா. கடை முதலாளி முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கதையில வர்றவ திருடி, எங்க பொண்ணு அப்படி இல்ல. முடிஞ்சுது."

"உங்க பொண்ணு ஒரு மாத்திரைகூட எடுக்கலங்க. எந்தக் கோயில்ல வேணாலும் வந்து சொல்றேன்."

"முதல்ல சொன்னது?"

"எது?"

"கதையில வர்றவ திருடி."

மேஸ்திரி புத்தகத்தின் மூலையைத் தடவினார். "அதை நான் எப்படிங்க சொல்றது?" என்றார்.

செல்வி முந்தானையை எடுத்தாள். "யக்கா! வாயைத் தொறந்து சொல்லேன்! அவ என்ன உன் வயித்துல பொறந்தவளா?"

"நீ இன்னும் கடைசி அத்தியாயம் கேக்கலடி."

"எம் புள்ள கல்யாணமே கடைசி அத்தியாயத்துக்கு வந்துடுச்சு! நேத்துலருந்து அவன் சரியா சாப்பிடல!"

இந்த இடத்தில் கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "கடைசில என்னதான் ஆவுது?" என்றார்.

மேஸ்திரி சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பெண் மழையில் நடந்து கடைக்குப் போவது, ஷட்டரைத் தட்டுவது, எடுத்ததை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி ஒப்புக்கொள்வது, தங்கை பிழைத்துக்கொள்வது. அமுதாவின் அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மாசக்கணக்கா சரக்கு குறையுது, கடைக்காரனுக்குத் தெரியலையா?" என்றார் கடைக்காரர். "எந்த ஊருக் கடைம்மா அது?"

"அவரு நம்புனாருங்க."

"நம்புனா? நானும்தான் நம்பறேன். அதுக்காக எண்ணிப் பாக்காம இருப்பனா?"

"தங்கச்சிக்கு எடுத்த வரைக்கும் சரி" என்றார் அப்பா. "வித்தா பாரு, அங்கதான் எனக்கு ஒப்பல."

"ஒரு தடவை எடுத்துப் பழகிட்டா கை நிக்குமாங்க?" என்றாள் செல்வி. சண்டை சூடு பிடித்தது. மோட்டார் கொட்டகையே வானூருக்கு வந்துவிட்டது போல இருந்தது. எதற்காக வந்தோம் என்பது யாருக்கும் நினைவில் இல்லை.

"அந்தப் பையன் என்ன ஆனான்?"

அமுதாதான் கேட்டாள். அவள் குரலை நான் அப்போதுதான் முதலில் கேட்டேன்.

"எந்தப் பையம்மா?" என்றார் மேஸ்திரி.

"அவ எடுத்ததுக்கு வேலை போச்சே. அவன்."

மேஸ்திரி கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். முன்னால் போனார், மறுபடியும் பின்னால் வந்தார். "அது போடலியே" என்றார்.

"அவ அழுதா. ஒத்துக்கிட்டா. தங்கச்சி பொழச்சிக்கிச்சு. எல்லாம் சரிங்க. அவன் வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பான்? எதிர்வீட்டு அக்கா நேத்து வந்து என் தலையைத் தடவிட்டு, 'பரவால்லம்மா, யாருதான் தப்பு பண்ணல'ன்னுட்டுப் போறாங்க. நான் ஒண்ணுமே பண்ணலங்க."

கடைக்காரர் ஹெல்மெட்டின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி புத்தகத்தை மூடி நாற்காலிக்கு அடியில் வைத்தார். கடைக்காரர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அவ திருடிதாங்க" என்றார். "அந்தப் பையனுக்கு அவ பண்ணது தப்பு. எனக்கு அவளப் புடிக்கும். அது வேற." பிறகு அமுதாவைப் பார்த்தார். "ஊர் பேரை மாத்தி, கடை பேரை மாத்தி, நான் உனக்குப் பண்ணதும் தப்புதாம்மா. எவ இருக்கா இல்லன்னு பாக்காம வானூர்னு சொன்னது நான்தான்."

"அப்ப, அவங்கதான் சொல்லிட்டாங்கல்ல, மன்னிச்சு..." என்று செல்வி ஆரம்பித்தாள்.

"மன்னிக்கறதெல்லாம் உங்க வேலைங்க அத்தை" என்றாள் அமுதா. "நான் யோசிச்சுச் சொல்றேன்." கடைக்காரரிடம் திரும்பினாள். "நீங்க எதிர்வீட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க சார். அப்புறம் நான் வேலைக்கு வர்றேன்."

கடைக்காரர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி தெருவைக் கடந்து எதிர்வீட்டு வாசலில் போய் நின்றார். அந்த வீட்டோடு நிறுத்தவில்லை. பக்கத்து இரண்டு வீடுகளுக்கும் போனார்.

திரும்பும் பஸ்ஸில் செல்வி மரக்காணம் வரும் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். "அத்தைன்னு சொன்னா, கேட்டியா? யோசிக்கறவ யாராச்சும் அத்தைன்னு சொல்வாளா? மேஸ்திரிக்கா, கேட்டியா இல்லையா?"

மேஸ்திரி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை மறுபடியும் படித்துக்கொண்டிருந்தார். சத்தம் போடாமல் படித்தார்.

அமுதா வேலைக்குத் திரும்பினாள். ஒரு மாதம் யோசித்தாள். அந்த மாதத்தில் செல்வியின் மகன் தலைவலி மாத்திரை வாங்க மரக்காணத்திலிருந்து வானூர் வரை சில முறை போய் வந்ததாகத் தகவல். ஆவணியில் கல்யாணம் நடந்தது. கடைக்காரரும் அமுதாவின் அப்பாவும் பந்தியில் மேஸ்திரிக்கு எதிரே உட்கார்ந்து, வேறு எந்தப் புத்தகமாவது இருக்கிறதா என்று கேட்டார்கள்.

மேஸ்திரி கதை சொல்வதை விடவில்லை. வானூர், கோட்டக்குப்பம் என்று ஊர் பெயர் சொல்வதை மட்டும் விட்டார். "ஒரு ஊர்ல" என்று ஆரம்பித்தார். புத்தகத்தை முதல் நாள் மட்டுமல்ல, தினமும் கொண்டுவந்து டீ கேன் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார்.

அடுத்த வருடம் என்னைச் சென்னைக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கு முன்பு புதுச்சேரியில் அவரோடு இரண்டு மூன்று முறை புத்தகக் கடைக்குப் போயிருக்கிறேன். உள்ளே போனதும் அந்த மருந்துக்கடை நாவலின் பெயரைச் சொல்லி, இரண்டாம் பாகம் வந்திருக்கிறதா என்று கேட்பார்.

வரவில்லை.